சம்பளம், கடை வாடகை, ரப்பர் தோட்டம்: 2025-26 வருமான வரிக்கு எந்தெந்தக் காகிதங்களை எடுத்து வைக்கணும்?

அருமனை டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அருமனை பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை. இந்த வருஷம் ரிட்டர்னை நானே போர்ட்டலில் போடலாம் என்று இருக்கிறேன். விவரம் இது:

2025-26 மொத்தச் சம்பளம் 11,40,000. தக்கலையில் ஒரு கடை, மாத வாடகை 8,000. சொத்து வரி 3,000 கட்டியாச்சு. வங்கி டெபாசிட் வட்டி 24,000, எங்க ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்க டெபாசிட் வட்டி 32,000, சேமிப்புக் கணக்கு வட்டி 6,000. ரப்பர் 2 ஏக்கர் 40 சென்ட். ஷீட்டும் ஒட்டுப்பாலும் (மரத்தில் ஒட்டிக் காய்ந்த பால்) விற்று வந்தது 2,90,000. பால்வெட்டுக் கூலி, ஆசிட், உரம் எல்லாம் சேர்த்து 1,30,000 செலவு.

பள்ளியில் வரி எதுவும் பிடிக்கவில்லை. 12,75,000 வரைக்கும் வரி கிடையாது என்றார்கள். ரப்பர் விவசாயம்தானே, அதைக் காட்ட வேண்டுமா? ஐடிஆர்-1 படிவம் போதுமா? எந்தெந்தக் காகிதங்களை இப்போதே சேர்த்து வைக்கணும்? அம்மாவுக்கு 68 வயது, குடும்ப ஓய்வூதியம் மாதம் 22,000, வங்கி வட்டி வருஷத்துக்கு 1,10,000 வருகிறது. அவங்களும் ரிட்டர்ன் போடணுமா?

வேப்பமூடு கணக்கர் எழுதியது:

டீச்சர், முதலில் ரப்பரைத் தீர்த்துவிடுவோம். எந்தப் படிவம், எவ்வளவு வரி என்ற இரண்டையும் அதுதான் முடிவு செய்கிறது.

உங்கள் தோட்டத்துப் பாலை உறைய வைத்து ஷீட் அடித்து விற்பது விவசாய வருமானம். அதற்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் விலக்கு என்றால் காட்ட வேண்டாம் என்று அர்த்தமில்லை. நிகர விவசாய வருமானம் வருஷத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டினாலே ஐடிஆர்-1 போட முடியாது. உங்களுக்கு 1,60,000 இருக்கிறது. ஆகவே ஐடிஆர்-2. அதில் விலக்கு வருமான அட்டவணையில் மொத்த வரவு, செலவு, நிகரம் மூன்றையும் தனித்தனியாகப் போட வேண்டும். நிகரம் 5 லட்சத்தைத் தாண்டுகிறவர்கள் மட்டும் நிலம் எந்த மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று கூடுதலாக நிரப்ப வேண்டியிருக்கும். உங்களுக்கு அது தேவையில்லை.

அடுத்தது வரி. "12,75,000 வரை வரி இல்லை" என்பது சம்பளம் மட்டும் உள்ளவர்களுக்கு. விவசாய வருமானத்துக்கு நேரடியாக வரி போடமாட்டார்கள். ஆனால் மற்ற வருமானத்தின் வரி விகிதத்தைக் கணக்கிட அதைச் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் எண்களிலேயே போட்டுப் பார்ப்போம், புதிய வரி முறையில்:

சம்பளத்தில் நிலைக் கழிவு 75,000 போக 10,65,000. வாடகை 96,000-இல் சொத்து வரி 3,000 கழித்தால் 93,000. அதில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவு சட்டமே தருகிறது, ரசீது வேண்டாம். மீதி 65,100. வட்டி 62,000. கூட்டினால் 11,92,100.

இத்துடன் ரப்பர் 1,60,000 சேர்த்தால் 13,52,100. இந்தத் தொகைக்கு வரி 82,815. பிறகு ரப்பர் 1,60,000-உம் அடிப்படை விலக்கு 4,00,000-உம் சேர்ந்த 5,60,000-க்கு வரி 8,000. இதைக் கழித்தால் 74,815. உங்கள் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் அதன் உச்சம் 60,000 தான். மீதி 14,815. அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம். முழுமையாக்கினால் 15,410 கட்ட வேண்டும்.

ரப்பரே இல்லை என்றால் இதே ஆளுக்கு வரி பூஜ்யம். பள்ளியில் தப்பாகச் சொல்லவில்லை; அவர்களிடம் இருந்தது உங்கள் சம்பளக் கணக்கு மட்டும்தான். விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பக்கம் சம்பளமும் தோட்டமும் சேர்ந்து இருக்கிற வீடுகள் அதிகம், அங்கெல்லாம் இந்தக் கணக்கு இடிக்கும்.

பழைய முறையில் போட்டால் குறையுமா என்று கேட்பீர்கள். குறையாது. 80சி பிரிவின் சேமிப்புக் கழிவு 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000 எல்லாம் முழுதாகக் கழித்தாலும் வரி ஒரு லட்சத்தைத் தாண்டும். புதிய முறையிலேயே நில்லுங்கள்.

குலசேகரம் ரப்பர்காரர் எழுதியது:

கணக்கர் சார் சொன்ன மூன்று எண்களில் வரவுக்கும் செலவுக்கும் காகிதம் வேண்டும். இங்கேதான் நம்ம ஆட்கள் எல்லாரும் திணறுகிறோம். ரப்பர் கடையில் பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். அதில் எடையும் தொகையும் இருக்கும், தேதி இருக்காது, யார் பெயரும் இருக்காது. சீட்டு வாங்கும்போதே தேதி, கிலோ, தரம், கிலோ விலை, உங்கள் பெயர், கடை முத்திரை இவ்வளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஷீட்டுக்கு ஒரு வரி, ஒட்டுப்பாலுக்கு ஒரு வரி. விலை வேறு என்பதால் ஒன்றாகப் போட்டால் பிறகு எடையும் தொகையும் ஒத்துப்போகாது. பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்வது நல்லது. பாஸ்புக்கில் இருக்கிற வரவும் சீட்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

2025-26-க்கு இனிமேல் சீட்டு கிடைக்காது என்றால், நீங்கள் வழக்கமாகப் போடும் கடையில் அவர்கள் பேரேட்டைப் பார்த்து ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதவாரியாக ஒரு கணக்கு எழுதி வாங்குங்கள். தென்மேற்கு மழை, ஐப்பசி மழை, தை மாசி இலையுதிர்வு என்று வெட்டு நிற்கிற மாதங்களில் வரவு குறைவாகத்தான் இருக்கும். பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை எழுதி வைத்தால் அது உட்கார்ந்து எழுதின கணக்கு என்று ரப்பர் தெரிந்த யாருக்கும் புரிந்துவிடும்.

செலவில் எவையெல்லாம் வரும்: வெட்டுக்கூலி, ஃபார்மிக் ஆசிட், மழைக்காப்பு பிளாஸ்டிக்கும் அதை ஒட்டுகிற தாரும், உரம், களை வெட்டு, ஷீட்டைப் புகையில் உலர்த்துகிற புகைப்புரைக்கு விறகு, ரோலர் பழுது. கூலிக்குப் பில் இருக்காது. ஒரு நோட்டில் தேதி, ஆள் பெயர், எத்தனை மரம் வெட்டினார், கொடுத்த தொகை, கையெழுத்து. அவ்வளவு போதும். பால் பங்குக்கு வெட்டுகிறவர் என்றால் அவர் பங்கு போக உங்களுக்கு வந்தது மட்டுமே உங்கள் வரவு. அந்தக் கூலியை மறுபடி செலவில் கழிக்கக் கூடாது.

எது விவசாயம், எது இல்லை என்பதிலும் கவனம். இளங்கன்றுத் தோட்டத்தை அன்னாசிக்குக் குத்தகைக்கு விட்டால் அந்தக் குத்தகைப் பணமும் விவசாய வருமானம்தான், ரப்பரோடு சேருங்கள். மறுநடவுக்கு ரப்பர் வாரியம் தரும் மானியத்துக்குத் தனி வரிவிலக்கு உண்டு; வாரியத்தின் கடிதத்தை வைத்திருங்கள். தோட்டத்தில் சொந்தமாகத் தேன்பெட்டி வைத்துத் தேன் விற்றால் அது விவசாயமில்லை. அக்கம்பக்கத்துப் பாலை வாங்கி ஷீட் அடித்து விற்றாலும் வியாபாரம். இந்த இரண்டில் எது இருந்தாலும் ஐடிஆர்-2 செல்லாது, ஐடிஆர்-3-க்குப் போக வேண்டும். சொந்தப் பாலையே ஆலையில் சென்ட்ரிஃபியூஜ் லேடெக்ஸாகவோ கிரேப்பாகவோ பிளாக் ரப்பராகவோ மாற்றி விற்கிறவர்களுக்கு 7ஏ விதி: 35 சதவீதம் வரிக்குரியது, 65 சதவீதம் விவசாயம். ஷீட் போடுகிற சிறு விவசாயிக்கு அது பொருந்தாது. யாராவது அதைச் சொல்லிப் பயமுறுத்தினால் ஏமாறாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பட்டா யார் பெயரில்? நிலம் யாருக்குச் சொந்தமோ வருமானம் அவருடையது. கூட்டுப் பட்டா என்றால் உங்கள் பங்கை மட்டும்தான் காட்ட வேண்டும்.

தக்கலை வரி உதவி எழுதியது:

மற்ற காகிதங்களுக்கு வருகிறேன். இப்போது ஜூன் முதல் வாரம். இன்றைக்கே தாக்கல் செய்ய உட்காராதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரியின் கணக்கைக் கொடுக்க எல்லாருக்கும் மே 31 வரை நேரம் உண்டு. வங்கிகள் வட்டி விவரம் அனுப்புவதும் அதே தேதிக்குள்தான். அவை போர்ட்டலில் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (உங்கள் வருமான விவரங்களின் ஆண்டுத் தொகுப்பு) இரண்டிலும் ஏறி நிலைக்க ஜூன் பாதி ஆகிவிடும். சம்பளமும் பிடித்த வரியும் காட்டி அலுவலகம் தருகிற ஃபார்ம் 16 கொடுக்கக் கடைசி நாளும் ஜூன் 15. அதற்கு முன் போட்டால் பாதிக் கணக்கை வைத்துப் போட்டதாக ஆகி, பிறகு திருத்தல் ரிட்டர்னுக்கு அலைய வேண்டும். ஜூன் 15-க்கும் ஜூலை 15-க்கும் இடையில் போடுவதுதான் நல்ல காலம். உங்கள் படிவத்துக்குக் கடைசி நாள் ஜூலை 31. அந்தக் கடைசி நாட்களில் போர்ட்டல் இழுக்கும்.

ஃபார்ம் 16: வரி பிடிக்காததால் பள்ளியிலிருந்து வராமலும் போகலாம். அப்போது அரசின் சம்பளத் தளமான களஞ்சியத்திலிருந்து பன்னிரண்டு மாதச் சம்பளப் பட்டியலை எடுங்கள். அகவிலைப்படி நிலுவை, ஈட்டிய விடுப்பு ஒப்படைப்புப் பணம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸில் இருக்கும்போது வாங்கின விடுப்புப் பணத்துக்கு வரி உண்டு. முந்தைய வருஷங்களுக்கான நிலுவை பெரிதாக வந்திருந்தால் 89-ஆம் பிரிவு நிவாரணம் கிடைக்கும், ஆனால் ரிட்டர்னுக்கு முன்னாலேயே ஃபார்ம் 10ஈ போட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் நிவாரணம் கேட்டால் மறுத்து நோட்டீஸ் வரும்.

சம்பளத்தில் வரி பிடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், 26ஏஎஸ்-இல் அந்த வரவுக்கு எதிரே இருக்கிற எழுத்தைப் பாருங்கள். 'எஃப்' என்றால் முடிந்தது. அரசு அலுவலகங்களில் சில நேரம் 'பி' என்று நிற்கும். கருவூலம் அனுப்புகிற கணக்கும் சம்பளம் போடுகிற அலுவலர் அனுப்புகிற கணக்கும் இன்னும் பொருந்தவில்லை என்று அர்த்தம். 'யூ' என்றால் பொருந்தவே இல்லை. அலுவலகத்தில் சொல்லிச் சரிசெய்த பிறகே தாக்கல் செய்யுங்கள்.

வட்டி: பாஸ்புக்கைப் பார்த்துக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு வங்கியிலும் 2025-26 வட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். முதிர்வில் மொத்தமாகத் தருகிற டெபாசிட்டுக்கும் வருஷாவருஷம் வட்டி ஏறுகிறது. அது பாஸ்புக்கில் தெரியாது, ஏஐஎஸ்-இல் தெரியும். கூட்டுறவுச் சங்கம் இதற்கு நேர் எதிர். உறுப்பினருக்குத் தருகிற வட்டியில் சங்கம் பொதுவாக வரி பிடிப்பதில்லை, அதனால் ஏஐஎஸ்-இல் ஏறாமலே இருக்கலாம். வரி பிடிக்காததாலோ அங்கே தெரியாததாலோ வரி இல்லை என்று ஆகாது. உங்கள் 32,000-ஐ நீங்களேதான் எழுதிச் சேர்க்க வேண்டும். சங்கச் செயலாளரிடம் வட்டிச் சான்று எழுதி வாங்குங்கள். சேமிப்பு வட்டிக்கு 10,000 கழிவு பழைய முறையில்தான், இங்கே கிடையாது.

ஏஐஎஸ் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல்: பான் எண் சிறிய எழுத்துகளில், அதோடு ஒட்டிப் பிறந்த தேதி, மாதம், வருஷம் எட்டு இலக்கம். அண்ணன் தம்பியோடு கூட்டாகப் போட்ட டெபாசிட் என்றால் முழு வட்டியும் முதல் பெயருக்குக் கீழே ஏறியிருக்கும். தப்பான வரி எதையாவது பார்த்தால் அங்கேயே கருத்துப் பதியும் வசதி உண்டு. சும்மா விட்டுவிட்டு ரிட்டர்னில் குறைத்துக் காட்டினால் கேள்வி வரும்.

கடை: வாடகை ஒப்பந்தம், வங்கி வரவு, பத்மநாபபுரம் நகராட்சி ரசீது. சொத்து வரி எந்த அரையாண்டுக்கு உரியது என்பதைவிட எந்தத் தேதியில் நீங்கள் கட்டினீர்கள் என்பதே முக்கியம். 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31-க்குள் கட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு. பழைய பாக்கியாக இருந்தாலும் சரி. கடைக்காரர் கொடுத்த முன்பணம் திருப்பித் தர வேண்டியது, அது வாடகை இல்லை.

பெயர்: நம்மூரில் இன்ஷியலால் வருகிற தொல்லை தனி. பானில் அப்பா பெயர் விரிவாக, ஆதாரில் ஒற்றை எழுத்து, வங்கியில் எழுத்து பின்னால் என்று மூன்று விதமாக இருக்கும். போர்ட்டலில் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும்போது பான் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் நிராகரிக்கும்; பணம் திரும்ப வர வேண்டியவர்களுக்கு அங்கேயே நின்றுவிடும். ஜூனிலேயே வங்கியில் திருத்திக்கொள்ளுங்கள். முன்பு வெளியே யாராவது உங்களுக்குப் போட்டுக் கொடுத்திருந்தால் போர்ட்டல் சுயவிவரத்தில் யாருடைய செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கிறது என்று முதல் வேலையாகப் பாருங்கள். நோட்டீஸ் வந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போவது இதனால்தான். "ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்" என்று கட்சிக்கு நன்கொடை, இல்லாத காப்பீடு எல்லாம் போடுகிறவர்களிடமிருந்தும் விலகியே இருங்கள். பொய்க் கழிவு பிடிபட்டால் அபராதம் அந்த வரியைப் போல் இரண்டு மடங்கு, கட்டுவது கணக்கு உரிமையாளர்.

அருமனை டீச்சர்:

ரொம்ப நன்றி சார். குலசேகரம் அண்ணன் கேட்டது நல்லதாப் போச்சு. அப்பா காலமான பிறகு பட்டா எனக்கும் தம்பிக்கும் கூட்டாக மாறியிருக்கிறது, சரிபாதி. அம்மா தன் பங்கை எங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டாங்க. தம்பி துபாயில். ரப்பர் பணம் முழுவதும் என் கணக்கில் வரும், அவன் பங்கை அனுப்பிவிடுவேன். அப்படியானால் கணக்கு மாறுமா? வரியை எப்படிக் கட்டுவது?

வேப்பமூடு கணக்கர்:

மாறும், உங்களுக்கு நல்லபடியாகவே. உங்கள் பங்கு நிகரம் 80,000. அட்டவணையில் வரவு 1,45,000, செலவு 65,000 என்று பாதிப் பாதி போடுங்கள். 11,92,100-உடன் 80,000 சேர்ந்து 12,72,100, வரி 70,815. அதில் 4,80,000-க்கான 4,000 போனால் 66,815. தள்ளுபடி 60,000 போக 6,815. செஸ்ஸோடு 7,090.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பிடித்த வரி போக மீதி 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டிய கடமையே இல்லை. முதலில் வந்த 15,410 நின்றிருந்தால் முன்கூட்டிய வரி கட்டாததற்கு 234பி, 234சி இரண்டு வட்டியும் சேர்ந்து, ஜூலையில் கட்டினால் ஏறத்தாழ 1,400 கூடியிருக்கும். 7,090-க்கு அது வராது. ஜூலை 31-ஐத் தாண்டினால் மட்டும் தாமதக் கட்டணம் 5,000, அதற்கு மேல் மாதத்துக்கு 1 சதவீத வட்டி.

தம்பிக்கு அனுப்புவது வங்கி வழியாகவே இருக்கட்டும். கூட்டுப் பட்டா நகல், பத்திர நகல், அவருக்கு அனுப்பின பதிவு மூன்றும் ஒன்றாக இருந்தால் முழுப் பணமும் ஏன் உங்கள் கணக்கில் வந்தது என்ற கேள்விக்கு அதுவே பதில். தம்பிக்கு இந்தியாவில் வேறு வரிக்குரிய வருமானம் இருந்தால் அவர் ரிட்டர்னில் அவருடைய 80,000 வர வேண்டும்.

கட்டுவது 'இ-பே டாக்ஸ்' பக்கத்தில். இந்த வருஷம் ஒரு புதுக் குழி இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதில் 'வரி ஆண்டு 2026-27' என்றால் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற வருஷம். நீங்கள் கட்டுவது 2025-26 வருமானத்துக்கு. அது 1961 சட்டத்தின் கீழ் 'மதிப்பீட்டு ஆண்டு 2026-27'. எண் ஒன்றுதான், வருஷம் வேறு. 1961 சட்டம், மதிப்பீட்டு ஆண்டு 2026-27, சுயமதிப்பீட்டு வரி, குறியீடு 300 என்று தேர்ந்தெடுங்கள். 100 என்பது முன்கூட்டிய வரி. மாற்றிக் கட்டினால் பணம் வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டு ரிட்டர்னில் பாக்கி என்றே காட்டும். கட்டின பிறகு சலானில் ஏழு இலக்க பிஎஸ்ஆர் குறியீடு (வங்கிக் கிளையின் எண்), தேதி, ஐந்து இலக்க வரிசை எண் மூன்றும் ரிட்டர்னில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.

தக்கலை வரி உதவி:

அம்மா கணக்கு மீதமிருக்கிறது. குடும்ப ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வராது, 'பிற வருமானம்' தலைப்பில் வரும். பலரும் சம்பளத்தில் போட்டு 75,000 கழித்துவிடுகிறார்கள், அது தவறு. இதற்குக் கழிவு மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது. 2,64,000-இல் 25,000 போனால் 2,39,000. வட்டி 1,10,000 சேர்த்து 3,49,000. அடிப்படை விலக்கு 4,00,000-க்குள் இருப்பதால் வரி இல்லை, வருமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ரிட்டர்ன் கட்டாயமும் இல்லை.

ஆனால் வட்டி முழுவதும் ஒரே வங்கியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வருஷ வட்டி 1,00,000-ஐத் தாண்டினால் முழு வட்டிக்கும் 10 சதவீதம் பிடிப்பார்கள், அதாவது 11,000. வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழியை வங்கியில் கொடுக்காமல் விட்டிருந்தால் அம்மாவின் 26ஏஎஸ்-இல் அது ஏறியிருக்கும். அப்போது பணத்தைத் திரும்ப வாங்குவதற்காகவே ரிட்டர்ன் போட வேண்டும். அவங்களுக்கு ஐடிஆர்-1 போதும். நடப்பு வருஷத்துக்கான உறுதிமொழியை இந்த மாதமே வங்கியில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு பேர் ரிட்டர்னையும் தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி வைத்துச் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத ரிட்டர்ன் போடாத ரிட்டர்ன்தான். அம்மாவின் ஆதாரோடு இணைந்த செல்பேசி எண் இப்போது யார் கையில் இருக்கிறது, அது இன்னும் ஓடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அப்பாவின் பழைய எண் இணைந்திருந்தால் ஆதார் சேவை மையத்தில் மாற்றி, அது பதிவாக நாள் பிடிக்கும்.